ஜென்மச் சனிக்கு உன் அம்மாவின் பதில்

என் செல்லமே,

நேற்றுக் காலை காரைக்கால் பஸ் ஸ்டாண்டில், திருச்சி வண்டி நகர ஆரம்பித்த பிறகு, ஜன்னல் கம்பி வழியாக நீ ஒன்று சொன்னாய். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் வண்டியோடு நாலு எட்டு ஓடிப் பார்த்தேன். முட்டிவலிக்காரி ஓடுவதைப் பார்த்து வெற்றிலைக் கடைக்காரர், "ஏம்மா, பொண்ணு எதையாச்சும் விட்டுட்டுப் போயிருச்சா?" என்று கேட்டார். விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் இல்லை. உலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டுக் கண்டக்டர் தம்பி நாளைக் காலை திருச்சிக்குப் போகிறது. சான்றிதழ் வாங்க நீ போய்த் தங்கியிருக்கிற ஹாஸ்டலில் இதைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறது. வழியில் அதுவே பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாத கடிதம் இது, ஊரே படிக்கட்டும்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் பெங்களூர் போகலம்மா, இங்கயே டீச்சர் வேலைக்குப் போறேன். எனக்கு ஜென்மச் சனி புடிச்சப்பதானே அப்பா போனாரு. இப்ப உன்னையும் தனியா விட்டுட்டுப் போயி, உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா?" இதைச் சொன்னது யார்? பௌதிகத்தில் எம்.எஸ்சி. முதல் வகுப்பு வாங்கியவள். சனிக்கோளின் வளையங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வா என்று பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தவள். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ இந்த வாரத்துக்குள் ஒரு பதில் போட வேண்டியவள். உன் அப்பா போய் வருகிற கார்த்திகையோடு இரண்டு வருஷம். இத்தனை நாளும் இதை வயிற்றில் வைத்துக்கொண்டா நீ என்னோடு சிரித்தாய், சாப்பிட்டாய், சினிமாவுக்கு வந்தாய்? நான் நேற்று வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் அழுதேன். நீ பெங்களூர் போகவில்லை என்று அழவில்லை. போகாததற்கு நீ சொன்ன காரணத்துக்காக அழுதேன்.

உனக்கு உன் பாடத்தையே திருப்பிச் சொல்லப்போகிறேன். சிரிக்காதே. நான் பத்தாவதோடு நின்றவள்தான். ஆனால் இந்தக் கோடை விடுமுறை முழுக்க நீ சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, முருங்கைக்கீரை ஆய்கிறேன் என்று பாதிக் கீரையைத் தரையில் சிந்தி, எனக்கு நடத்திய பாடத்தை நான் மறக்கவில்லை. வியாழனிலும் சனியிலும் கால் வைத்து நிற்கத் தரையே கிடையாது என்றாய். மேலே இருப்பது வெறும் வாயு. கீழே இறங்க இறங்க, மேலிருக்கும் பாரம் அழுத்தி அழுத்தி அந்த வாயுவே திரவமாகிவிடும் என்றாய். மற்றக் கோள்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாலும் வியாழனின் எடையில் பாதிகூடத் தேறாது என்றாய். அந்த எடையால்தான் அதைச் சுற்றி ஒரு குடும்பமே ஓடுகிறது. ஒரு நிலவை அது மாவு பிசைவதுபோல் பிசைந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டில் அங்கே எரிமலைகள் கக்கிக்கொண்டிருக்கின்றன. செவ்வாய்க்கு அப்பால் கிடக்கிற பாறைகள் ஒன்றுசேர்ந்து ஒரு கோளாகலாம் என்று பார்த்தால், அதற்கும் வியாழன் விடவில்லை. "அப்ப நம்ம குரு பகவான் அவ்ளோ நல்லவர் இல்லையா?" என்று நான் கேட்டதற்கு, "நல்லவரும் இல்ல கெட்டவரும் இல்லம்மா, கனமானவர், அவ்ளோதான்" என்றாய். அன்று நான் ரசத்தைப் பொங்கவிட்டுவிட்டேன். அந்த ரசத்தைக் குறை சொல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாய்.

சனிக்கு வருவோம். அதுதானே இப்போது பிரச்சினை. சனி ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய முப்பது வருஷம் என்று நீ சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி என்று நம் வீடுகளில் சொல்வது அந்த முப்பது வருஷக் கணக்குதான். துலா ராசிக்காரியான உனக்கு அவன் ராசிக்குள்ளேயே வந்து உட்கார்ந்த வருஷத்தில் அப்பா போனார். அதுவரைக்கும் நீ சொல்வது நடந்த கதைதான். ஆனால் அந்த வருஷம் துலா ராசியில் பிறந்த எல்லோருடைய அப்பாவுமா போய்விட்டார்கள்? மேலத்தெரு தையற்காரர் மகனும் துலாம்தான். அவனுக்கு அந்த வருஷம் துறைமுகத்தில் வேலை கிடைத்தது, அவன் அப்பா இன்றைக்கும் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில், கல்லூரியில் இரவல் வாங்கி வந்த தொலைநோக்கியை மொட்டைமாடியில் நிறுத்தினாயே, அதை நினைத்துப் பார். உன் நாகப்பட்டினத்து அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, அன்று கோயிலுக்குப் போகிற கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நம் வீட்டில் தங்கியிருந்தார். ஊரே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டதால் அவரைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை திருநள்ளாறு போகாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். நளதீர்த்தக் குளத்தில் முழுக்கு, எள்விளக்கு, பிராகாரம், எதையும் விடமாட்டார். அப்படிப்பட்டவரைப் பிடித்துக் குழாய்க்குள் பார்க்கச் சொன்னாய். முதலில் வலது கண்ணை மூடினார், பிறகு இடது கண்ணை மூடினார், பிறகு இரண்டையும் மூடிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்புறம் திடீரென்று கண்ணைக் குழாயோடு ஒட்டவைத்துக்கொண்டார்.

"இவனா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை."

"இத்தினியூண்டு இருக்கான். வட்டமெல்லாம் போட்டுக்கிட்டு அழகா வேற இருக்கான்."

அடுத்து நான் பார்க்க வேண்டும். அவர் இடத்தை விடவே இல்லை. பூமி சுற்றுவதால் அது குழாயிலிருந்து நகர்ந்து நகர்ந்து போனது, நீ திருப்பித் திருப்பிச் சரிசெய்தாய். ஒரு குளம் அத்தனை பெரிதாக இருந்தால் சனியைத் தூக்கி அதில் போடலாம், மிதக்கும், அவ்வளவு லேசான பொருளால் ஆனது என்று நீ சொன்னதற்கு, "அப்ப பாவம், அவனால நளதீர்த்தத்துல முழுக்கே போட முடியாதா?" என்று கேட்டார். நீ மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாய். அப்பா போன பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சிரிப்போடுதான் நீ பஸ் கணக்கையும் சொன்னாய். "அத்தை, நம்ம வாசலை ஒட்டி நாகப்பட்டினம் பஸ் போவுதுல்ல, அது நம்மள இழுக்கறது சனி நம்மள இழுக்கறதவிட அதிகம்." அத்தை நம்பவில்லை. அவ்வளவு பெரியவன், ஒரு பஸ்ஸுக்கு ஈடாக மாட்டானா என்றார். நீ காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாய். எடை கூடக்கூட இழுப்பு கூடும், ஆனால் தூரம் இரட்டிப்பானால் இழுப்பு நாலில் ஒரு பங்காகிவிடும், சனி இருக்கிற தூரத்துக்கு அதன் எடையெல்லாம் நம் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்தே போய்விடும் என்று சொன்னாய். இதைச் சொன்ன வாயா நேற்று அதைச் சொன்னது? கணக்குப் போட்ட கை உன் கைதானே? அத்தைக்குப் போட்டுக் காட்டிய கணக்கை உனக்கு ஏன் போட்டுக்கொள்ளவில்லை?

காரணம் எனக்கு நேற்று மத்தியானம் தெரிந்தது. அதற்கு முன்னால் திருநள்ளாறு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், கண்டக்டர் தம்பிக்காக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். நம் சொந்தக்காரர்கள் கோயிலுக்குப் போகிற வழியில், காரைக்கால் கோவில்பத்தில் இருக்கிற நம் வீட்டில் இறங்குவார்கள். இட்லி சாப்பிடுவார்கள், காபி குடிப்பார்கள், குடும்பக் கதை எல்லாம் பேசுவார்கள். ஆனால் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, பழைய துணியைக் கழித்துப் போட்டு, சனீஸ்வரனைக் கும்பிட்ட பிறகு நேரே அவரவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். நடுவில் எந்த வீட்டு வாசற்படியும் ஏறக் கூடாது. ஏறினால் அங்கே கழித்த தோஷம் இந்த வீட்டில் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. அதனால் திரும்பும்போது பஸ் ஜன்னலிலிருந்து கையை மட்டும் ஆட்டுவார்கள். நானும் வாசலில் நின்று ஆட்டுவேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அது பழகிப்போய்விட்டது. உன் அத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை. உன் அப்பா காய்ச்சலில் கிடந்த சமயத்தில்கூட, திரும்புகிற வண்டியிலிருந்து "எப்படி இருக்கான்?" என்று சைகையில்தான் கேட்டார்.

நேற்றுக் காலையும் அத்தை வந்திருந்தார், நீயே இட்லி எடுத்து வைத்தாய். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, பெங்களூர் போவதாக உத்தேசம் இல்லை என்று பட்டும் படாமலும் சொன்னாய். நான் பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில் அதைக் காதில் வாங்கவில்லை. அத்தை வாங்கியிருக்கிறார். நாம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம், அவர் திருநள்ளாறு போனார். மத்தியானம் பஸ் சத்தம் கேட்டு, வழக்கம்போல் கையாட்ட வாசலுக்கு வந்தேன். அழுத முகத்தோடு என்ன கையாட்டுவது, உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். வண்டி நின்றது. ஈரத் தலையும் மஞ்சள் பையுமாக அத்தை இறங்கினார். வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்.

"உள்ள வரலாமா?"

"இதென்ன கேள்வி அண்ணி, வாங்க."

"யோசிச்சுச் சொல்லு. கோயில்லேருந்து நேரா வர்றேன்."

"மொதல்ல உள்ள வாங்க, வெயில் கொளுத்துது."

ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நீ பஸ் ஜன்னலிலிருந்து சொன்னதை நான் சொன்னேன். சொல்லிவிட்டு, "அவ வாயில இந்தச் சொல்ல யாரு போட்டா அண்ணி? நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டும்விட்டேன். இல்லை என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"சொன்னேன்" என்றார். "தம்பியத் தூக்கிட்டுப் போன அன்னிக்கி. பொண்ணுக்கு ஜென்மச் சனி வந்துச்சு, எந் தம்பியக் கொண்டுக்கிட்டுப் போயிருச்சுன்னு அழுதேன். அது கதவுக்கு அந்தாண்ட நின்னுச்சு. நான் பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான் சொன்னேன்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது. மோர் டம்ளரைப் பிடுங்கி வாசலில் கொட்டிவிட்டு, போங்க என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன், எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒத்தத் தம்பி. இடுப்புல தூக்கி வளத்தேன். அன்னிக்கி யாரையாவது சொல்லணும்போல இருந்துச்சு. சாமியச் சொல்ல பயம். உன்னச் சொல்ல மனசில்ல. அது சின்னப் புள்ள, திருப்பி ஒண்ணும் கேக்காதுன்னு அதைச் சொல்லிப்புட்டேன்" என்றார். பிறகு அந்தக் குழாய்க்கு வந்தார். "புள்ள எனக்கு அவனக் காட்டுச்சே, அன்னிலேருந்து மனசு அடங்கல. அம்புட்டு தூரத்துல தன்பாட்டுக்கு நிக்கிறான். அவனுக்கு நம்ம தெருவு எங்க தெரியப்போவுது? கோயிலுக்குப் போறத நான் விடமாட்டேன், அது வேற. கும்புடுவேன். ஆனா எந் தம்பி போனதுக்கு அவனயும் சொல்லமாட்டேன், புள்ளயயும் சொல்லமாட்டேன். இன்னிக்கி சன்னதியில நின்னு அதத்தான் சொன்னேன். சாமிகிட்ட சொல்லிட்டு பேசாம பஸ்ல போயிட்டா புள்ளைக்கு எப்புடித் தெரியும்? அதான் எறங்கிட்டேன்."

புரிகிறதா உனக்கு? அடுத்தவர் வீட்டில் சனியை இறக்கிவிட்டுவிடுவோமோ என்று ஆயுசு முழுக்கப் பயந்தவர், நேற்று நம் வாசற்படி ஏறினார். உன்னிடம் நேரிலும் சொல்வேன், அதற்கு முன்னால் நீ இதை எழுதிவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மோரைக் குடித்தார். நான் அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், பாதி. மீதியை நீ பார்த்துக்கொள். ஆனால் சாயங்காலம் அவர் கிளம்பும்போது, "அது பெங்களூர் போனா மாசா மாசம் சனிக்கிழம இங்கயே தங்கிட்டு ஞாயித்துக்கிழம போறேன், நீ ஒண்டியா இருக்க வேணாம்" என்றார். கோயிலிலிருந்து நேரே இங்கே வந்து தங்குவாராம். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

இனி அப்பா விஷயம். அவர் எதனால் போனார் என்பதை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை, நீயும் கேட்கவில்லை. மின்சார இலாகாவில் கம்பம் ஏறியும் ஏறவைத்தும் உழைத்த மனுஷன். நெஞ்சில் வலி என்று அந்த வருஷம் சித்திரையிலேயே சொன்னார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னார், கொஞ்ச நாள் லீவு போடச் சொன்னார். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசல் கடையிலேயே ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, "இது கடைசி" என்றார். கடைசி என்று அவர் சொன்ன சிகரெட்டை எல்லாம் அடுக்கினால் ஒரு கம்பம் உயரம் வரும். மழைக்காலம் வந்தது, ஊர் முழுக்கக் கம்பி அறுந்து கிடந்தது, லீவு போடவில்லை. அவர் இதயம் வருஷக்கணக்கில் கெட்டு வந்தது. அது சித்திரையிலேயே வலிக்க ஆரம்பித்துவிட்டது, சனி உன் ராசிக்குள் வந்தது ஐப்பசியில். நீ கணக்குத் தெரிந்தவள், எது முதல், எது பிறகு என்று பார். அப்பா போனது உன்னால் இல்லை. இதை நான் உன் அம்மாவாகச் சொல்லவில்லை, அந்த வலி தொடங்கின நாளிலிருந்து பக்கத்தில் இருந்தவளாகச் சொல்கிறேன்.

அடுத்தது என் தனிமை. எனக்கு நாற்பத்தைந்து வயது. முட்டிவலி ஒன்றைத் தவிர வியாதி கிடையாது. அப்பா வேலையை வாரிசு என்று எனக்குக் கொடுத்தார்கள், ஆபீஸில் எனக்கென்று ஒரு மேஜை இருக்கிறது, சேர்ந்து சாப்பிட நாலு பெண்கள் இருக்கிறார்கள், சண்டை போட ஒரு சூப்பிரண்டெண்ட் இருக்கிறார். நீ என்னமோ நான் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் பேசுகிறாய். இந்த விடுமுறையில் நாம் இரண்டு பேரும் எப்படி இருந்தோம் என்று யோசி. நான் கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே வந்தாய். நான் இருமினால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். ஆபீஸிலிருந்து வர அரைமணி தாமதமானால் தெருமுனையில் நின்றாய். ஆடிக்கொரு முறை போடுகிற மாத்திரையைத் தினமும் எடுத்து நீட்டினாய். நானும் சும்மா இல்லை, எரிந்து விழுந்தேன். நீ திருச்சியில் இருந்தபோது வாரம் ஒரு கடிதம், அதில் எத்தனை கதை, எத்தனை கேலி. பக்கத்தில் வந்ததும் கோள்களைத் தவிர நமக்கு வேறு பேச்சே இல்லாமல் போனது.

சனியின் வளையம் எப்படி உண்டாயிருக்கும் என்று நீ சொன்னாயே. கோளுக்கு மிக அருகில் ஒரு நிலவு வந்தால், அதன் கிட்டப் பக்கத்தைக் கோள் கூடுதலாக இழுக்கும், எட்டப் பக்கத்தைக் குறைவாக இழுக்கும், இந்த வித்தியாசமே நிலவைப் பிய்த்து உடைத்துவிடும். அதே நிலவு கொஞ்சம் தள்ளி நின்றால் உருண்டையாக, முழுசாக, அதே கோளைச் சுற்றிக்கொண்டு காலம் காலமாக இருக்கும். சனிக்கு அப்படி நல்ல நிலவுகள் நிறைய இருக்கின்றன என்றாய். நீ சொன்னபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. அம்மா எல்லாவற்றையும் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கிறாள் என்று சிரித்துக்கொள். பெங்களூர் தூரம்தான். தள்ளி இருக்கிற நிலவுக்கும் கோளுக்கும் பந்தம் அறுந்துபோகவில்லையே.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் வேண்டுமென்றே நினைக்காமல் இருக்கிறாய். நீ காரைக்கால் கல்லூரியில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த காலம். அப்பா வேலை முடிந்து சைக்கிளிலிருந்து இறங்கும்போதே செய்தித்தாளை ஆட்டிக்கொண்டு வந்தார். "நம்ம ஊரு சாமியோட போட்டோ வந்திருக்கு பாரு" என்றார். அமெரிக்காக்காரன் அனுப்பிய கலம் சனிக்கு அருகே போய் எடுத்த படம், கறுப்பும் வெள்ளையுமாக, மை கொஞ்சம் இழுசிப்போய் இருந்தது. நீ தாளைப் பிடுங்கிக்கொண்டாய். அப்பாவுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. "இவ்ளோ தூரம் போறதுக்கு எண்ணெய் எப்புடிப் பத்துச்சு?" என்று கேட்டார்.

நீ சொன்னாய், எண்ணெயால் போகவில்லை, முதலில் வியாழனுக்குப் பக்கத்தில் போனது, வியாழன் தன் எடையால் அதை இழுத்து, தன்னோடு கொஞ்சம் ஓடவிட்டு, முன்னைவிட வேகமாக வெளியே வீசிவிட்டது, அந்த வேகத்தில்தான் சனி வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்று.

"சும்மாவா குடுத்துச்சு? அப்ப வியாழனுக்கு நட்டமில்லையா?" என்றார் அப்பா.

"இருக்குப்பா. அதோட வேகம் அந்தளவுக்குக் கொறையும். ஆனா யாராலயும் அளக்க முடியாது, அவ்ளோ கொஞ்சம்."

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார். "கொறையட்டுமே. பெருசா இருக்கறது பின்ன எதுக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நீ சனியைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தது அந்த வாரத்திலிருந்துதான். உன்னைப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டுமா என்று நான் யாரைக் கேட்க? அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

நான் உன் அப்பா அளவுக்குப் பெரிய மனசுக்காரி இல்லை. நீ போனால் எனக்குக் குறையத்தான் செய்யும், அளக்க முடியாத அளவு என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே தெரியும். ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறக்கும்போது தெரியும். ஒரு ஆளுக்குச் சமைக்கும்போது தெரியும். அதை நான் தாங்குவேன். அப்பாவைக் கொண்டுபோனவள் என்று உன்னையே நீ நினைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக என் பக்கத்தில் உட்கார்ந்து ஆயுசைக் கழிப்பதைத்தான் தாங்கமாட்டேன்.

இதைப் படித்ததும் பெங்களூருக்கு, வருகிறேன் என்று எழுதித் தபாலில் போடு. போட்டுவிட்டு ஊருக்கு வா, வாழைப்பூ வடை செய்து வைக்கிறேன். போடாமல் வந்து நின்றாலும் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன். கையைக் கழுவியதும் அடுத்த திருச்சி பஸ்ஸில் உன்னைத் திரும்ப ஏற்றிவிடுவேன்.

உன்னைப் பெற்றவள்